பட்டம் பெற்ற கையோடு சட்டக் கல்லூரிக்கு

இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்பைத் தேறிய பிள்ளை நேரே ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர்ந்துகொள்ளலாம் என்ற ஏற்பாட்டைக் கண்டு பழகிய நம் பெற்றோருக்கு, அமெரிக்காவில் சட்டக் கல்லூரியின் வாசற்படியை மிதிப்பதற்கே நான்காண்டுக் கலாசாலைப் படிப்பும் இளங்கலைப் பட்டமும் வேண்டும், அதன்மேல் ஜே.டி. என்னும் மூன்றாண்டுப் படிப்பு வேண்டும், அதையும் முடித்தபின் வக்கீல் உரிமத்துக்கான மாநிலத்தின் பார் பரீட்சை வேண்டும் என்று தெரியவருகிறபோது எழுகிற முதல் எண்ணம், இவ்வளவு நீண்ட யாத்திரையில் ஒரு வருஷத்தையும் வீணாக்கலாகாது என்பதேயாகும். அதே சமயத்தில் கலாசாலையிலுள்ள ஆலோசகரோ, இரண்டு வருஷம் எங்கேயாவது வேலை பார்த்துவிட்டுப் பிறகு விண்ணப்பம் போடு என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புகிறார். இவ்விரு யோசனைகளுக்கும் நடுவே தடுமாறும் குடும்பங்களை உத்தேசித்தே இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுவோம். உத்தியோக அநுபவம் என்பது சட்டக் கல்லூரிப் பிரவேசத்துக்கு விதிக்கப்பட்ட நிபந்தனையன்று. இன்ன பாடத்தில்தான் இளங்கலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் கிடையாது. இன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்திருக்கும் ஒன்பது நீதிபதிகளின் படிப்பு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸும் சோனியா சோட்டோமேயரும் 1976-ல் இளங்கலைப் பட்டமும் 1979-ல் சட்டப் பட்டமும் பெற்றிருப்பதையும், தாமஸ், அலிட்டோ, கோர்சச், கவனா, பேரட் ஆகிய ஐவரும் அவ்வாறே இடையில் ஓராண்டும் விடாமல் மூன்றாம் ஆண்டில் சட்டப் பட்டத்தோடு வெளிவந்திருப்பதையும் காணலாம். எஞ்சிய இருவரில் எலினா கேகன் ஆக்ஸ்ஃபோர்டுக்கு மேற்படிப்புக்குச் சென்றவர். கேட்டன்ஜி பிரவுன் ஜாக்சன் ஒருவரே ‘டைம்’ பத்திரிகையில் ஓராண்டு நிருபராக உழைத்துவிட்டுச் சட்டம் படிக்க வந்தவர். நம் சென்னைப் பெண்மணியான சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸும் 1986-ல் ஹவர்ட் சர்வகலாசாலையில் பட்டம் பெற்று, 1989-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் சட்டப் படிப்பை முடித்துவிட்டார்.

ஆனால் இந்தப் பெயர்ப் பட்டியலைக் காட்டிப் பிள்ளையை அவசரப்படுத்தும் பெற்றோர், இவர்களெல்லாம் முப்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் படித்தவர்கள் என்பதையும், காலம் அதன்பிறகு வெகுவாக மாறிவிட்டது என்பதையும் மறக்கலாகாது. ஹார்வர்ட் சட்டக் கல்லூரியில் அண்மை ஆண்டுகளில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் கலாசாலையை விட்டு ஓராண்டோ அதற்கு மேலோ ஆனவர்கள். அக்கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணாக்கரிடமே விண்ணப்பம் பெற்று இடத்தை உறுதி செய்துவிட்டு, பட்டம் பெற்றபின் இரண்டாண்டுகள் வெளியே ஏதேனும் செய்துவிட்டு வரும்படி அனுப்புகிற ஒரு திட்டத்தையும் நடத்திவருகிறது. சிகாகோவிலுள்ள நார்த்வெஸ்டர்ன் சட்டக் கல்லூரி, வேலை அநுபவத்துக்கு முக்கியத்துவம் கொடுப்பதில் நெடுநாளாகப் பெயர் பெற்றது. இத்தகைய மிக உயர்ந்த படிக்கட்டுகளில்தான் அநுபவமின்மை உண்மையாகவே ஒரு குறையாக எடைபோடப்படுகிறது. அங்கீகாரம் பெற்ற, இருநூறுக்குச் சற்றே குறைந்த கல்லூரிகளில் பெரும்பாலானவை, பட்டம் பெற்ற கையோடு வரும் பிள்ளைகளை ஆண்டுதோறும் தாராளமாகச் சேர்த்துக்கொள்கின்றன.

அப்படியானால் நேரே வருகிற மாணாக்கனிடத்தில் குறைவது என்ன என்று நிதானமாக யோசித்தால், குறைவது சம்பளம் வாங்கிய அநுபவமே அன்று என்பது என் அபிப்பிராயம். விண்ணப்பங்களைப் படிக்கிற அதிகாரி, இருபத்தொரு வயதுப் பிள்ளையிடம் அறிய விரும்புவன இரண்டு விஷயங்கள்: தன் செயலுக்குப் பிறரிடம் பதில் சொல்லியாக வேண்டிய ஒரு பொறுப்பில் இவன் எப்போதாவது நின்றதுண்டா என்பது ஒன்று, வேறு எந்த யோசனையும் தோன்றாமையால் படிப்பைத் தொடர்கிறானா, சட்டம் இன்னதென்று ஓரளவேனும் தெரிந்துகொண்டு வருகிறானா என்பது மற்றொன்று. நேரே விண்ணப்பிப்பவனுடைய காகிதங்கள் அனைத்தும் இவ்விரண்டுக்கும் விடை சொல்வனவாக இருந்துவிட்டால், வயதும் அநுபவமும் பெரிதாகக் குறுக்கே நிற்பதில்லை.

இனி, கால அட்டவணையைப் பார்ப்போம். நம்மவர் பெரும்பாலோர் கவனியாமல் விடுகிற சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. விண்ணப்பங்கள் செப்டம்பர் மாதத்தையொட்டித் திறக்கின்றன. பல கல்லூரிகள் வரவர ஆராய்ந்து இடங்களை வழங்கிக்கொண்டே போவதால், பிப்ரவரி மார்ச் வரை கெடு இருந்தபோதிலும், நவம்பருக்குள் அனுப்பியவனுக்கு மிச்சமிருக்கும் இடங்கள் அதிகம். நேரே செல்ல விரும்பும் மாணாக்கன் தன் நான்காம் ஆண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பிப்பதால், அவனுடைய மதிப்பெண் சராசரியில் ஆறு பருவங்களே இடம்பெறுகின்றன. இறுதி ஆண்டில் அவன் எவ்வளவு நன்றாக எழுதினாலும், முதற்பருவ மதிப்பெண்கள் ஜனவரியில் பின்னாலே வந்து சேர்வதைத் தவிர, தீர்மானத்துக்கு அவை உதவுவதில்லை. ஓராண்டு தாமதித்தவனுக்கோ எட்டுப் பருவங்களும் கணக்கில் ஏறுகின்றன. முதலாண்டில் வீட்டை விட்டுப் போன கலக்கத்திலோ, பெற்றோருக்காக எடுத்துக்கொண்ட இரசாயனப் பாடத்திலோ சறுக்கி, பின்பு படிப்படியாக ஏறிவந்த பிள்ளைக்கு இந்த இரண்டு பருவங்கள் பெரும் வித்தியாசத்தை உண்டாக்கும். அவனைப் பொறுத்தமட்டில் தாமதிப்பதே புத்திசாலித்தனம் என்று தயங்காமல் சொல்வேன். முதலிலிருந்தே ஒரே சீராக உயர்ந்த மதிப்பெண் வாங்கி வந்தவனுக்கு இந்தக் காரணம் பொருந்தாது.

இந்தச் சராசரியைக் கலாசாலை போட்டுக்கொடுத்தபடியே கல்லூரிகள் எடுத்துக்கொள்வதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1947-ல் நிறுவப்பட்ட சட்டக் கல்லூரிப் பிரவேச மன்றம், அதாவது எல்சாக் என்று எல்லாரும் அழைக்கும் ஸ்தாபனம், எல்லாக் கலாசாலைகளின் மதிப்பெண்களையும் தன் சொந்த அளவுகோலால் திருப்பிக் கணக்கிடுகிறது. பள்ளியில் படிக்கும்போதே உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியில் எடுத்த பாடங்களும் அதில் சேரும். ஒரு பாடத்தில் தோற்று மறுபடி படித்துத் தேறினால், இரண்டு மதிப்பெண்களும் சான்றிதழில் காணப்படுமாயின் இரண்டுமே கணக்கில் வரும். பதினாறு வயதில் விளையாட்டாக எடுத்த வகுப்பொன்றில் வாங்கிய ‘சி’, ஐந்தாண்டு கழித்து வழிமறிப்பதைப் பார்த்துப் பல வீடுகளில் திடுக்கிடுகிறார்கள்.

சட்டக் கல்லூரிப் பிரவேசத்துக்கான எல்சாட் பரீட்சையைப் பற்றித் தனி அத்தியாயம் இருப்பதால் இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். 120 முதல் 180 வரை மதிப்பிடப்படும் இப்பரீட்சையில், 2024 ஆகஸ்டு தொட்டு, மாணாக்கரை நெடுங்காலம் மிரட்டிவந்த தர்க்க விளையாட்டுகள் நீக்கப்பட்டு, தர்க்க விவேசனம் இரண்டு பகுதி, வாசித்துணர்தல் ஒரு பகுதி, மதிப்பெண்ணில் சேராத சோதனைப் பகுதி ஒன்று என, பகுதிக்கு முப்பத்தைந்து நிமிஷமாக நடத்தப்படுகிறது. நேரே செல்பவன் இதற்குத் தயாராவது படிப்பின் நடுவிலாகையால், இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையிலேயே ஆரம்பித்து, மூன்றாம் ஆண்டு முடிகிற ஜூன் மாதத்தில் முதல் தடவை எழுதுவது உத்தமம். அப்போதுதான் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ மறுமுறை எழுத அவகாசம் கிடைக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாமென்று நினைத்துப் பழக்கத்துக்காக ஒரு தடவை எழுதிப் பார்க்கலாகாது: ஐந்தாண்டுக் காலத்துக்குள் ஐந்து தடவையும், ஆயுள் முழுவதிலும் ஏழு தடவையும்தான் அநுமதி. அரிசோனா சர்வகலாசாலை 2016-லும் ஹார்வர்ட் 2017-லும் பொதுவான மேற்படிப்புகளுக்குரிய ஜி.ஆர்.இ. பரீட்சையையும் ஏற்கத் தொடங்கியபின் பல கல்லூரிகள் அவ்வழியைப் பின்பற்றியிருக்கின்றன. ஆயினும் எல்சாட் எழுதியவர்களே பெரும்பான்மையோர்.

இப்போது, அநுபவம் என்ற பக்கத்தில் எழுத ஒன்றுமில்லையே என்று பிள்ளை கவலைப்படுகிற இடத்துக்கு வருவோம். பெரும்பாலும் எழுத வேண்டியது இருக்கும்; அதை அநுபவமாக மதிக்கத் தெரிவதில்லை. கலாசாலை நூலகத்தின் மேஜையில் வாரத்துக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்ததும், உணவுக்கூடத்தில் பாத்திரம் கழுவியதும், முதலாண்டு மாணாக்கருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததும் வேலையே. அவற்றை மறைத்துவிட்டு, இரண்டே கூட்டங்களுக்குப் போன சங்கங்களின் பெயர்களை வரிசையாக அடுக்குவது நம் பிள்ளைகளுடைய வழக்கம். தந்தையின் மளிகைக் கடையில் வரவு செலவு எழுதிய பெண்ணும், ஆங்கிலம் தெரியாத பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வைத்தியருக்கும் நோயாளிக்கும் நடுவே நின்று பேசிய பையனும், அது வீட்டு வேலைதானே என்று எண்ணி விண்ணப்பத்தில் ஒரு வரிகூடச் சேர்ப்பதில்லை. பிறரது நலனைத் தன் நாவில் ஏந்திக்கொண்டு மூன்றாமவரிடம் பேசுவதே வக்கீலின் தொழிலாயிருக்க, அதைப் பதினைந்து வயதிலேயே செய்துவிட்ட பிள்ளை அதைச் சொல்லாமல் விடுவானேன்?

உண்மையாகவே ஒன்றும் செய்யாதவனுக்கும் இரண்டாமாண்டு, மூன்றாமாண்டுக் காலம் கையில் இருக்கிறது. வீட்டா என்ற பெயரில் அமெரிக்க வருமானவரி இலாகா நடத்துகிற இலவச வரிக்கணக்கு உதவித் திட்டத்தை இங்கே விசேஷமாகச் சிபாரிசு செய்கிறேன். சிறிது பயிற்சியும் ஒரு பரீட்சையும் முடித்த தொண்டர்கள், குறைந்த வருமானமுள்ள மக்களுடைய வரிக் கணக்கைப் பூர்த்தி செய்துகொடுக்கும் ஏற்பாடு அது. சட்டத்தின் ஒரு பகுதியைக் கற்று, முன்பின் தெரியாத மனிதரிடம் அவருடைய வாழ்க்கை விவரங்களைக் கேட்டறிந்து, பிழையில்லாமல் ஒரு காகிதத்தில் ஏற்றுவதென்பது எவ்வளவு பெரிய பயிற்சி என்பது, பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமையொன்றில் அந்த மேஜையில் உட்கார்ந்தவனுக்கே தெரியும். கலாசாலையின் ஒழுங்கு விசாரணைக் குழுவில் மாணாக்கர் பிரதிநிதியாக இருப்பதும், மாதிரி வழக்காடு மன்றப் போட்டிகளில் பங்குகொள்வதும், ஆண்டு முழுவதும் ஆராய்ந்து எழுதும் நீண்ட கட்டுரையொன்றை முடிப்பதும் அடுத்த தரத்தில் சொல்லத் தக்கவை. வக்கீல் ஆபீஸில் கோடைக்காலம் முழுவதும் நகலெடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அவ்வளவு பிரயோஜனப்படுவதில்லை.

இவற்றோடு, பக்கத்து ஊர்க் கோர்ட்டுக்குப் போய்ச் சில காலை வேளைகளைக் கழிக்க வேண்டும். அமெரிக்காவில் நீதிமன்ற விசாரணைகள் பெரும்பாலும் பொதுமக்களுக்குத் திறந்தவை. வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்குகளையும், சில்லறைக் கிரிமினல் வழக்குகளையும் பின்வரிசையில் உட்கார்ந்து யாரும் பார்க்கலாம். உச்ச நீதிமன்றத்து வாதங்களையோ 2020 மே மாதத்திலிருந்து வீட்டிலிருந்தபடியே நேரடி ஒலிபரப்பில் கேட்க முடிகிறது. தொலைக்காட்சி நாடகங்களில் கண்ட வழக்காடுதலுக்கும், ஒரு நீதிபதி அரை மணிக்குள் பத்து வழக்குகளை நகர்த்துவதற்கும் உள்ள தூரத்தைப் பார்த்த பிறகும் ஆசை குறையாதிருந்தால், அந்த ஆசையை நம்பலாம். குறைந்துவிட்டாலோ, வாழ்நாளில் மூன்றாண்டையும் பெருந்தொகையையும் மிச்சப்படுத்திய காலை என்று அதை வாழ்த்த வேண்டியதுதான்.

சுயவிவரக் கட்டுரையைப் பற்றி. வழக்கமாக, வரிக்கு வரி இடைவெளி விட்ட இரண்டு பக்கம். நம் பிள்ளைகளின் கட்டுரைகளில் மிகப் பெரும்பாலானவை, இரண்டு பெட்டிகளோடு விமானத்திலிருந்து இறங்கிய தகப்பனாரின் தியாகத்தில் ஆரம்பித்து, அவருக்குப் பெருமை சேர்ப்பேன் என்று முடிகின்றன. அந்தத் தியாகம் மெய். ஆனால் இடம் கேட்பவர் தகப்பனார் அல்லர். அவரைப் பற்றி இரண்டு வாக்கியம் போதும். மீதமுள்ள பக்கங்களில் பிள்ளை தானே எதைக் கண்டான், எதை எதிர்த்தான், எந்தக் கேள்வி அவன் உள்ளத்தை விட்டு அகலாமல் நிற்கிறது என்பது வர வேண்டும். ஒரு வகுப்பில் படித்த ஒரே ஒரு தீர்ப்பு தன் எண்ணத்தை எவ்வாறு புரட்டியது என்று நேர்மையாக எழுதிய கட்டுரை, உலக நீதியைப் பற்றிய பத்துப் பொது வாக்கியங்களைவிட நன்றாக நிற்கும். நேரே விண்ணப்பிப்பவனுக்குப் படிப்பே அண்மை அநுபவமாதலால், அதை வைத்து எழுதுவதில் வெட்கமில்லை. இனத்தையே ஓர் அளவாகக் கொண்டு இடம் வழங்குவதை உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் ஹார்வர்டுக்கு எதிரான வழக்கில் தடுத்துவிட்டபோதிலும், தன் இனமோ நிறமோ தன் வாழ்க்கையை எவ்விதம் பாதித்தது என்பதை விண்ணப்பதாரர் எழுதுவதற்கு அத்தீர்ப்பு தடை சொல்லவில்லை. எழுத வேண்டிய கதையிருந்தால் அஞ்சாமல் எழுதலாம், இல்லாவிட்டால் வருவித்துக்கொள்ள வேண்டுவதில்லை.

சிபாரிசுக் கடிதங்கள்தான் நேரே செல்பவனுக்குள்ள பெரிய அநுகூலம். வேலைக்குப் போய் நாலைந்து வருஷம் ஆனவன், தன் பெயரையே மறந்துபோன பேராசிரியரைத் தேடி அலைகிறான். இவனோ சென்ற பருவத்தில் வாதாடிய ஆசிரியரின் அறைக் கதவை இந்த வாரமே தட்டலாம். கல்லூரிகள் சாதாரணமாக இரண்டு கடிதங்கள் கேட்கின்றன. இரண்டும், இவனுடைய எழுத்தை வரிவரியாகத் திருத்திய ஆசிரியர்களிடமிருந்து வரட்டும். பெரிய மனிதர் சிபாரிசு என்றால் காரியம் ஆகிவிடும் என்ற நம் ஊர் நம்பிக்கை இங்கே செல்லாது. தமிழ்ச் சங்க விழாவில் கைகுலுக்கிய செனட்டரின் கடிதமும், குடும்ப நண்பரான வக்கீலின் கடிதமும், இந்தப் பிள்ளையை எழுதியவருக்குத் தெரியாது என்பதையே அழகான தாளில் தெரிவிக்கும்.

ஒழுக்கம் பற்றிய கேள்விகளுக்கு ஒளிவு மறைவின்றி விடையளிக்க வேண்டும். விடுதியில் மது அருந்தியதற்காகக் கலாசாலை விதித்த எச்சரிக்கையாயினும், நகலெடுத்ததாக வந்த குற்றச்சாட்டாயினும், கேள்வி அதைத் தழுவுமானால் எழுதியாக வேண்டும். மூன்றாண்டு கழித்துப் பார் சபை இதே கேள்வியைக் கேட்டு, இந்த விண்ணப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அன்று அகப்படும் மறைவு, பழைய குற்றத்தைவிடப் பன்மடங்கு தீங்கு செய்யும். அம்மா அப்பாவுக்குத் தெரிந்துவிடுமே என்று மறைத்த பிள்ளைகள் உண்டாதலால், பெற்றோர் இந்தப் பத்தியைப் படித்துவிட்டுச் சற்று முகமலர்ச்சியோடு பேசுவது நல்லது.

பிரஜைகளுக்கும் பச்சை அட்டைக்காரருக்கும் எழாத ஒரு பிரச்சினை, எஃப்-1 விசாவில் படிக்கும் பிள்ளைகளுக்கும், பெற்றோரைச் சார்ந்த எச்-4 விசாவில் வளர்ந்து 21 வயது நிறைந்ததும் அந்த நிழலை இழந்து எஃப்-1-க்கு மாறியவர்களுக்கும் உண்டு. இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வா என்கிற ஆலோசகருக்கு, இவர்கள் பட்டம் பெற்றபின் தம் பாடத்தோடு தொடர்புள்ள வேலையில் பன்னிரண்டு மாதமே இருக்கலாம் என்பதும், விஞ்ஞானம், பொறியியல், கணிதம் முதலான பாடம் படித்தவர்க்கே மேலும் இருபத்து நான்கு மாதம் நீட்டிப்பு உண்டென்பதும் பல சமயம் நினைவில் இருப்பதில்லை. அரசியல் விஞ்ஞானம் படித்த எஃப்-1 மாணாக்கிக்கு அந்த ஓராண்டில் தொண்ணூறு நாளுக்கு மேல் வேலையில்லாமலும் இருக்க முடியாது. ஆகையால் நேரே சட்டக் கல்லூரிக்குப் போவது இவளுக்குச் சட்ட அந்தஸ்து காக்கும் வழியாகவும் ஆகிவிடுகிறது. ஜே.டி. இளங்கலைக்கு மேற்பட்ட நிலைப் பட்டமாதலால், அதை முடித்தபின் புதிதாகப் பன்னிரண்டு மாத அநுமதி பெறவும் இடமுண்டு.

பணத்தைப் பற்றிப் பேசக் கூசுகிறவர்கள் பிற்பாடு வெகுகாலம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க நேரிடும். உயர்ந்த தனியார் கல்லூரிகளில் பாடக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு எழுபதாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. முன்பு செலவு முழுவதற்கும் மத்திய அரசாங்கக் கடன் கிடைத்துவந்தது. 2025-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் சட்ட மாணாக்கருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தத்தில் 200,000 டாலர் என்று வரம்பு விழுந்துவிட்டது. விசாவில் இருப்பவர்க்கு அந்தக் கடனும் இல்லை. உபகாரச் சம்பளமோ மதிப்பெண் சராசரியையும் எல்சாட்டையும் பெரிதும் ஒட்டி வழங்கப்படுவதால், ஓராண்டு பொறுத்து எல்சாட்டில் சில புள்ளிகள் உயர்த்திக்கொள்வது, அந்த ஆண்டில் வேலை பார்த்துச் சேர்க்கும் சம்பளத்தைவிட அதிகமான பணத்தை மிச்சப்படுத்திவிடக்கூடும். ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் வெளியிடக் கடமைப்பட்ட 509 அறிக்கையை எடுத்து, நடு மதிப்பெண்களையும், எத்தனை பேருக்கு எவ்வளவு உதவி கிடைத்தது என்பதையும், நிபந்தனையோடு கொடுத்த உபகாரச் சம்பளத்தை முதலாண்டு மதிப்பெண் குறைந்து இழந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் பார்க்காமல் எந்த இடத்துக்கும் முன்பணம் கட்டக் கூடாது. பெயர் பெற்ற கல்லூரிக்கு முழுக் கட்டணத்தோடு அனுப்புவதே கௌரவம் என்று கருதும் தகப்பனார்கள், அந்த அறிக்கையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை படித்தால், எண்ணத்தை மாற்றிக்கொள்வது உண்டு.

இடம் கிடைத்தபின், ஓராண்டு பொறுத்து வருகிறேன் என்று காரணம் காட்டிக் கேட்டால் ஒத்திவைக்க இசையும் கல்லூரிகள் பல உள்ளன. அவ்வாறு கேட்பதால் கிடைத்த உபகாரச் சம்பளமும் கூடவே ஒத்திவைக்கப்படுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே சம்மதிக்க வேண்டும். கட்டாயம் சேர்வேன் என்று முன்கூட்டியே உறுதி கூறும் திட்டங்களில் விண்ணப்பித்தவர்களுக்குப் பேரம் பேசும் வாய்ப்பு அநேகமாக இல்லாமற் போகிறது; பணவசதி குறைந்த குடும்பம் அந்த வழியைத் தவிர்ப்பது மேல். ஓரிடத்திலும் கிடைக்காமற் போனாலும், எல்சாக்கிடம் சேர்ந்த மதிப்பெண் சான்றிதழ்களும் எல்சாட் மதிப்பெண்ணும் ஐந்தாண்டுவரை செல்லுபடியாகுமாகையால், அடுத்த செப்டம்பரில் அவற்றைக் கொண்டே மறுபடி விண்ணப்பிக்கலாம். கட்டுரையை மட்டும் புதிதாக எழுத வேண்டும், ஏனெனில் சென்ற ஆண்டின் விண்ணப்பத்தைப் பல கல்லூரிகள் பத்திரமாக வைத்திருக்கின்றன.